அலைக்குத் தெரியாத பொருள்

சுழல்மேடை கிளம்பிவிட்டது. இனி ஒரு மணி நேரத்துக்கு மரகதத்துக்கு வேலை இல்லை. வேலை இல்லாத அந்த ஒரு மணி நேரம்தான் இந்த உத்தியோகத்திலேயே கஷ்டமானது என்பதை ஐம்பத்தைந்து வயதில் யாரிடம் போய்ச் சொல்வது. கனத்த கதவுக்கு அந்தப் பக்கம், சுவர், தரை, கூரை என்று ஒரு இடம் விடாமல் ரேடார் அலையை விழுங்கும் நீலக் கூம்புகள் முளைத்து நிற்கிற அறைக்குள் தகரப்பூ தன் கம்பத்தின்மேல் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரிலிருந்து அலை போய் அதன்மேல் விழும், விழுந்ததில் எவ்வளவு திரும்பி வந்தது என்று மெஷின் எழுதிக்கொள்ளும். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், கழுத்து வலிக்காரியைப் போல ஒரு பக்கமே திரும்பத் தெரிந்த ஒரு மின்விசிறி. திரையின் இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அது கோடு இழுத்துக்கொண்டே வலது ஓரத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் பிடிக்கும், வழியில் ஆறு மேடு ஏறி இறங்க வேண்டும். நல்ல தகரப்பூவுக்கு ஆறு மேடு, பத்து நிமிஷத்துக்கு ஒன்று. போன ஐப்பசியில் ஆறும் வந்தன, அழகாக, அளந்து வைத்ததுபோல. இன்று வருமா என்பதுதான் கேள்வி, வராது என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் வந்துவிடாதா என்று உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸ் பையிலேயே கிடந்தது. வெளியே சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம், வாகை மர நிழலில், தேசிங்கு காத்திருந்தான். அவன் சாப்பிட்டானா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தேன் என்று காலையில் சொன்னான். தோளில் ஒரு சிமெண்ட் சாக்கு. அதை மேஜைமேல் கவிழ்த்தபோது நசுங்கிய தகரம் ஒன்றும் நீல நைலான் கயிறு ஒரு சுருளும் விழுந்தன. தகரத்தில் இன்னும் உப்பு பூத்திருந்தது. மூன்று சதுரத் தகடுகளை ஒன்றின் குறுக்கே ஒன்றாகச் செருகிச் செய்த சாமான் அது, எட்டுப் பக்கமும் எட்டுக் குழி, ஃபைபர் படகின் கம்பத்து உச்சியில் கட்டித் தொங்கவிடுவது. ஃபைபர் படகு கப்பலின் ரேடாருக்குத் தெரியாது, அலை அதற்குள் புகுந்து தன் பாட்டுக்குப் போய்விடும். மனுஷ உடம்பும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆகவே தகரம். மீனவர் சங்கம் செய்யச்சொல்லி, நூற்றி நாற்பது படகில் ஏற்றி, தகரப்பூ என்று அவர்களே பெயரும் வைத்துவிட்டார்கள். ஏற்றுவதற்கு முன் மாதிரிக்கு இரண்டு இந்தக் கல்லூரிக்கு வந்தன, ஒன்றை மரகதம் அளந்தாள், தேறியது என்று கையெழுத்துப் போட்டாள். தை மாதம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, பனிமூட்டத்தில், ஒரு சரக்குக் கப்பல் தேசிங்கின் தம்பி காத்தலிங்கத்தின் படகின்மேல் ஏறிப் போனது. எங்கள் திரையில் எதுவுமே தெரியவில்லை என்று கப்பல்காரர்கள் சொன்னார்களாம். காத்தலிங்கம் கிடைக்கவில்லை, கம்பமும் தகரமும் அடுத்த ஊர்க்காரன் வலையில் சிக்கின. இதையெல்லாம் தேசிங்கு அழாமல், மளிகைச் சாமான் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தான். நஷ்டஈடு பற்றி ஒரு வார்த்தை இல்லை, யாரையும் திட்டவில்லை. தகரம் வேலை செய்ததா இல்லையா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்றான். அதைச் சொல்லும்போது அவன் கை அந்தக் கயிற்றுச் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. சாக்குக் கட்டிய கயிறாக்கும் என்று அவள் நினைத்தாள்.

நசுங்கியதைக் காலையிலேயே அளந்து முடித்தாயிற்று. குப்பை. கப்பல் ஏறிய தகரம் குப்பையாகத்தான் இருக்கும், அதைச் சொல்ல ஒரு கோடி ரூபாய் அறை எதற்கு. துறைத்தலைவர் சபேசன் சார் வந்து பார்த்தார், திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோதலில் சேதமடைந்துள்ளதால் முந்தைய நிலை குறித்து எதுவும் கூற இயலவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள் மரகதம், பாவம், ஊர் போய்ச் சேரட்டும் என்றார். நல்ல மனுஷன். சொன்னதில் பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. அந்த வரியை அவள் தட்டச்சு செய்து, அச்செடுத்து, சீல்கூட வைத்துவிட்டாள். பிறகு அவர் சாப்பிடப் போனதும் அலமாரியைத் திறந்து, பழைய தாள்களுக்குப் பின்னால் கிடந்த இரண்டாவது மாதிரியை, ஐப்பசியில் அளக்காமல் விட்டதை, எடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சுற்றிக்கொண்டிருப்பது அது. முப்பது டிகிரி வரப்போகிறது, முதல் மேடு அங்கே. கால் குடைந்தது. இடது முழங்காலுக்குக் கீழே ஒரு ஸ்டீல் பிளேட் இருக்கிறது, ஸ்கூட்டரில் விழுந்து வைத்துக்கொண்டது, ஏசியில் உட்கார்ந்தால் முதலில் குளிர்வது அதுதான். அறைக்குள் போகுமுன் எல்லோரும் உடம்பிலுள்ள உலோகத்தை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கழற்றி வைப்பது இங்கே வழக்கம், வாட்ச், வளையல், சாவி, ஊக்கு வரைக்கும். பிளேட்டையும் கழற்றி வையுங்கள் மேடம் என்று கேலி செய்வார்கள். கேலிதான், ஆனால் உலோகத்தை லேசாக எண்ணக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் கோட்டில் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு முள் எழுந்து எழுந்து நின்றது, இரண்டு நாள் தேடி, கடைசியில் கூம்புகளுக்கு நடுவே அவளுடைய கொண்டை ஊசி ஒன்று கிடந்தது. ஒரு ஹேர்பின். அது அலையைப் பிடித்து வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவள் இரும்பைப் பார்த்தால் ஒரு மரியாதை வைத்திருக்கிறாள். தட்டையான தகடு கோபக்கார மாமியார் மாதிரி, முகத்துக்கு நேரே நின்றால் கண்ணைப் பறிக்கிற மாதிரி திருப்பி அடிக்கும், கொஞ்சம் சாய்ந்து நின்றாலோ வந்ததையெல்லாம் வேறு எங்கோ வீசிவிட்டு உன்னைத் தெரியாது என்றுவிடும். உருண்டை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, கொஞ்சமாகக் கொடுக்கும், ஆனால் எல்லோருக்கும் கொடுக்கும். மூன்று தகடு செங்குத்தாகக் கூடுகிற மூலைதான் அதிசயம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மூன்றிலும் முட்டி, வந்த வழியே திரும்பிப் போகும். கூப்பிட்டவனுக்கே பதில். செங்குத்தாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு விரல் அகலம் தகடு சாய்ந்தால் பதில் கடலில் வேறு யாருக்கோ போய்விடும். முப்பது டிகிரி கடந்தது. புள்ளி சாவகாசமாகத் தரையோடு ஊர்ந்து போயிற்று. முதல் மேடு வரவில்லை.

ஐப்பசியில் வந்ததே. வந்தது, ஏனென்றால். இந்த ஏனென்றால் என்ற சொல்லுக்கு அப்பால் போக மனசு காலையிலிருந்து மறுத்துக்கொண்டிருந்தது, செருப்புக்குள் கல்லை வைத்துக்கொண்டே நடப்பதுபோல. அன்று மழை. மாதிரியைத் தூக்கிக்கொண்டு நடையில் வரும்போது அது கடகடவென்று ஆடியது. காதில் விழுந்தது. தகடுகளைச் செருகிய வெட்டு கொஞ்சம் அகலமாகிவிட்டிருந்தது, பட்டறைக்காரன் கைப்பிழை, தகடுகள் அங்குமிங்கும் ஒரு விரல் அசைந்தன. ஆடுகிற சாமானை அளக்க முடியாது, அளவு நிற்காது. எனவே, இருபத்தெட்டு வருஷமாக எந்த ஆடுகிற சாமானுக்கும் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். தெர்மோகோலில் முக்கோணம் முக்கோணமாக எட்டுத் துண்டு வெட்டினாள், குழிக்கு ஒன்றாக இறுக்கிச் செருகினாள், மூலைமட்டம் வைத்துப் பார்த்தாள், தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு. திருப்தியாக இருந்தது. யோசிக்கவே இல்லை. தெர்மோகோல் அலைக்குத் தெரியாது, காற்றும் அதுவும் அலைக்கு ஒன்று. அந்த அறையில் எல்லாமே தெர்மோகோல்மேல்தான் நிற்கும், தாங்குகிற கம்பமே தெர்மோகோல்தான், அதை யாரும் எழுதுவதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவளே எத்தனை முறை சொல்லியிருப்பாள், தெர்மோகோல் கணக்கில் வராது என்று. அளந்தாள், ஆறு மேடு, ஒவ்வொன்றும் பத்துச் சதுர மீட்டருக்கு மேல், படகு ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குக் கப்பலுக்குத் தெரியும் என்று அர்த்தம். அறிக்கையில் தகரத்தின் கனம் எழுதினாள், பக்க அளவு எழுதினாள், அலைநீளம் மூன்று சென்டிமீட்டர் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தெர்மோகோலை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அது கணக்கில் வராது. தொண்ணூறு டிகிரி. இரண்டாவது மேடும் வரவில்லை, ஒரு சின்ன அசைவு மட்டும், தூக்கத்தில் யாரோ புரண்டதுபோல.

போன் அதிர்ந்தது. வீட்டுக்காரர். கறிவேப்பிலை இல்லை, வரும்போது வாங்கி வரச் சொன்னார். சரி என்றாள். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றார், ஏசி என்றாள். முப்பது வருஷத்தில் அவருக்கு அவள் சொன்ன காரணங்களில் பாதி ஏசிதான். ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம். அந்த வரியைக் கொடுத்து அனுப்பிவிட்டால் மூன்று வருஷமும் இப்படியே போகும், கறிவேப்பிலை, சுழல்மேடை, கால் குடைச்சல். யாருக்குத் தெரியும்? தெர்மோகோல் குப்பைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. செய்தது தப்பே இல்லை என்றும் வாதாடலாம், மூலை சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்றுதானே அளந்தது, வடிவம் தேறியது, பட்டறை தேறவில்லை. பட்டறையின் தலையில் போடலாம். தகரம் தேறியது என்றுதான் எழுதினாய், வடிவம் தேறியது என்றா எழுதினாய்? சும்மா இரு. அந்தக் கப்பலில் ஒருத்தன் திரைக்கு முன்னால் நின்றிருப்பான், இவளைப் போலவே அலுத்துப்போய், இவளைப் போலவே காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு. அவன் திரையும் இந்தத் திரை மாதிரிதான் இருந்திருக்கும், பச்சையாக, வெறுமையாக. காத்தலிங்கம் பனியில் கப்பலின் சத்தம் கேட்டிருப்பான். கேட்டும் பயந்திருக்க மாட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நம் தலைக்குமேல்தான் பூ தொங்குகிறதே, அவனுக்கு நாம் தெரிவோம், விலகிப் போவான் என்று வலையை இழுத்துக்கொண்டிருந்திருப்பான். தகரம் இல்லாதிருந்தால் பயந்து ஒதுங்கியிருப்பான். அவள் கையெழுத்துதான் அவனை அங்கே நிறுத்தி வைத்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள். இப்போதுகூட மேடையை நிறுத்திவிட்டு, உள்ளே போய், எட்டுத் துண்டு தெர்மோகோல் வெட்டிச் செருகினால் ஆறு மேடும் கும்பிட்டுக்கொண்டு எழுந்து வரும். அழகான கோடு. அதை அச்செடுத்து, பாருங்கள், தகரம் நல்ல தகரம், கப்பல்காரன்தான் தூங்கிவிட்டான் என்று சொல்லலாம். கை கதவுப்பிடி வரைக்கும் போய்விட்டது. பிடி ஜில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டே நின்றாள், எதற்கு வந்தோம் என்று அடுக்களையில் நிற்பதுபோல, பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவள் பாராத நேரத்தில் நூற்றைம்பது டிகிரி கடந்துவிட்டிருந்தது. மூன்றாவதும் இல்லை.

நாலாவதில் ஒரு முள் எழுந்தது, எழுந்த வேகத்தில் விழுந்தது, தகடு ஒன்று தற்செயலாக நேருக்கு நேர் பார்த்திருக்கும். அவ்வளவுக்கே அவள் மனசு எழுந்து உட்கார்ந்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அலுப்பு தலையைக் கவிழ்த்தது. கண்ணை மூடினால் நீலக் கூம்புகள், கூம்புகளுக்கு நடுவே கடல், கடலில் நூற்றி முப்பத்தொன்பது கம்பம், ஒவ்வொன்றின் உச்சியிலும் கடகடகட. அட, இத்தனை நேரம் செத்தவனையே சுற்றிக்கொண்டிருந்தோமே. மற்றவை இன்னும் தொங்குகின்றன. இன்றைக்கும் தொங்குகின்றன, அவற்றுக்குக் கீழே இன்றைக்கும் ஆட்கள் பயமில்லாமல் வலை இழுக்கிறார்கள். இது ஏன் காலையிலேயே தோன்றவில்லை? தன் தலை தப்புமா என்று பார்த்துக்கொண்டிருந்ததால் தோன்றவில்லை. அவ்வளவு கேவலமான பதில் ஒன்று தனக்குள்ளிருந்தே வந்ததில் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஐந்தாவது மேடு இருக்க வேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. கோடு முடிவதற்குள் இன்னொன்று செய்து பார்க்கலாமென்று, ஏன் என்று அவளுக்கே தெரியாமல், நசுங்கிய தகரத்தைக் கையில் எடுத்துப் புரட்டினாள். தகடுகளின் விளிம்பில் சுற்றிலும் உப்புப் படியாத ஒரு பட்டை ஓடியது, அரை விரல் அகலத்தில், இறுக்கி எதையோ கட்டி வைத்திருந்த தடம். அந்தத் தடத்தில் ஓரிரு நீல இழைகள் ஒட்டியிருந்தன. சாக்குக் கட்டிய கயிறு இல்லை அது. ஆறாவது மேடும் வராமலே புள்ளி வலது ஓரத்தைத் தொட்டு நின்றது. சுழல்மேடை நின்ற பிறகு அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அச்செடுத்தாள். ஒரு கையில் சபேசன் சாரின் வரி, சீலோடு. இன்னொரு கையில் ஒரு மேடுகூட இல்லாத கோடு. முதலாவதை நாலாக மடித்து டிபன் பாக்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. வளையலும் வாட்சும் கூடையிலேயே கிடந்தன.

தேசிங்கு எழுந்து நின்றான். உட்காருங்கள் என்று சொல்லி அவளும் மரத்தைச் சுற்றிய சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தாள். வேலை செய்யவில்லை என்றாள். அவன் தலை மெல்லக் கவிழ்ந்தது, எதிர்பார்த்திருந்த அடி விழுந்துவிட்டதுபோல. மடியிலிருந்த நீலக் கயிற்றை எடுத்து அவளுக்கும் தனக்கும் நடுவே வைத்தான்.

"நாந்தாம்மா கட்டுனேன்" என்றான். "காத்தடிச்சா கடகடன்னு ஒரே சத்தம். மீன் கலையுதுண்ணே, தூங்கவும் முடியலங்கிறான். கப்பல் ஏறுனதுக்கு மொத நாளு நானே ஏறி, மூணையும் சேத்துப் புடிச்சு, இறுக்கிச் சுத்திக் கட்டிவுட்டேன். ஊர்ல யாருக்கும் தெரியாது. அவன் பொஞ்சாதிக்கும் தெரியாது. கட்டாம வுட்டிருந்தா அவன் கப்பலுக்குத் தெரிஞ்சிருப்பான்ல?"

இதற்குத்தான் வந்திருக்கிறான். மூன்று பஸ் மாறி, சாக்கைச் சுமந்து, தகரத்துக்கு இல்லை, தனக்குத் தீர்ப்புக் கேட்க. ஆமாம் என்று சொன்னால் போதும், அவனே ஏற்றுக்கொள்வான், ஏற்கனவே ஏற்றுக்கொண்டுவிட்டான், சுமையை மாற்றக்கூட வேண்டாம், எடுத்து வந்தவனிடமே விட்டுவிட்டால் சரி. அப்படி ஒரு வழி திறந்து கிடந்தது. மரகதம் கோட்டுத் தாளை அந்தக் கயிற்றின்மேல் விரித்தாள்.

"தெரிஞ்சிருக்க மாட்டாருங்க. நீங்க கட்டுனதால இல்ல. இது கயிறு கட்டாத பூ, அலமாரில இருந்தது, இப்ப அளந்துட்டு வரேன். இதுவும் தெரியல. ஆடுற தகரம் அது. ஆடுறது எனக்கு அன்னிக்கே தெரியும். நான் ஆடாம முட்டுக் குடுத்து அளந்துட்டேன். முட்டுக் குடுத்ததை எழுதல. தப்பு என்னோடது."

எப்படி என்று அவன் கேட்டான், எல்லாவற்றையும் சொன்னாள், மழை, நடை, கடகட, மூலைமட்டம், எட்டுத் துண்டு. தன் குரல் மளிகைச் சாமான் ஒப்பிக்கிற மாதிரி இருப்பதைக் கேட்டுக்கொண்டே சொன்னாள். அவன் திட்டவில்லை. தாளில் தரையோடு கிடந்த கோட்டை விரலால் கடைசி வரைக்கும் தடவிப் பார்த்தான். பிறகு மற்ற படகுகள் என்னவாகும் என்றான். எட்டுக் குழியிலும் முட்டுக் கொடுத்து இறுக்கினால் தெரியும், நிச்சயமாகத் தெரியும், அதை நான் அளந்திருக்கிறேன் என்றாள். எதை வைத்து என்றான். தெர்மோகோல் என்றாள். அவன் போனை எடுத்து ஊர்ச் சங்கத்தில் யாரையோ கூப்பிட்டு, எல்லாரையும் கரைக்கு வரச் சொல்லு, பூவை இறக்கி தெர்மோகோல் ஐஸ் பெட்டி மூடிய அறுத்து எட்டுக் குழிலயும் திணிக்கச் சொல்லு, கயிறு கட்டியிருந்தா அவுக்கச் சொல்லு, ஆமா, இப்பவே என்று சத்தமாகச் சொன்னான். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. வந்து சொல்கிறேன் என்றான். தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், சங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் அனுப்புகிறேன் என்று மரகதம் சொன்னாள், சபேசன் சாரின் முகம் ஒரு நொடி வந்து போயிற்று. தேசிங்கு தலையாட்டினான். சாக்கை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். கிளம்புகிறவன்போல நாலடி நடந்தவன் நின்றான்.

"ஐஸ் பெட்டி அவன் காலடியிலதாம்மா இருந்துச்சு" என்றான். "ஒரு வார்த்தை எழுதியிருந்தீங்கன்னா, அவனே அறுத்து வச்சிருப்பான்."

அவன் மறுபடி வந்து மேடையில் உட்கார்ந்து, எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொண்டே போகிறேன் என்றான். மரகதம் மடியில் பலகையாக டிபன் பாக்ஸை வைத்து, கோட்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் முதல் வரியாகத் தெர்மோகோல் என்று எழுதினாள்.